கறைபட்ட இலைகளின் வரலாறு

மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போகும் முதல் நாளே தாவரவியல் வாத்தியார்கள் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: பூவோ காயோ உள்ள கிளையாகப் பார், பூச்சி அரிக்காத இலையாகப் பறி, புள்ளி விழுந்ததைத் தொடாதே. உலர்த்தித் தாளில் ஒட்டினால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கத்தின் விளைவைக் கோயம்புத்தூர் தாவரக் காப்பகத்திலும் பார்க்கலாம், கல்கத்தாவிலும் பார்க்கலாம். இருநூறு ஆண்டுகளாக அங்கே அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் நல்ல இலைகளைத்தான். கறுப்புக் கறையும் மஞ்சள் பொட்டும் துருப்பொடியும் பிடித்த இலைகள் காட்டிலேயே உதிர்ந்து மட்கிப்போயின. அந்தக் கறையில் குடியிருந்த உயிருக்குப் பெயர் வைக்க ஆள் வந்தது வெகு தாமதமாகத்தான். அப்படி வந்தவர்களும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆனைமலைக்கும் போனார்களே தவிர, எங்கள் ஜவ்வாது மலைப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

ஜவ்வாது மலை என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது காவலூரைத்தான். 1968-இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-இல் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அடுத்ததாகச் சந்தன மரத்தைக் கேட்பார்கள். திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிற இந்த மலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் ஏறினால் வெறும் குச்சிகளாக நிற்கும். ஆனால் ஓடை இறங்கும் பள்ளங்களில் ஆண்டு முழுக்கப் பச்சை வாடாத மரங்கள் நெருங்கி நிற்கின்றன. நாவல், காயா, புங்கன், காட்டு எலுமிச்சை எல்லாம் அங்கே உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு அந்தப் பள்ளங்களில் இறங்கி, நிழலில் இருக்கிற முற்றின இலைகளைத் திருப்பிப் பார்த்தால், நான் சொல்லவரும் ஆசாமிகள் அகப்படுவார்கள்.

இலையில் கறுப்பாகப் படிந்திருப்பதெல்லாம் ஒன்றல்ல. மாமரத்திலும் எலுமிச்சையிலும் தத்துப்பூச்சியும் மாவுப்பூச்சியும் கழிக்கிற இனிப்புநீரின் மேல் வளர்வது கரும்பூசணம். அது இலையைத் தின்பதில்லை, மேலே கிடக்கும் சர்க்கரையைத்தான் தின்கிறது. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் கரி மாதிரி வந்துவிடும், அடியில் பச்சை இலை தெரியும். காட்டு மரங்களில் காணும் இன்னொன்று அப்படி வராது. வட்ட வட்டமாக, வெல்வெட்டுத் துணியைக் கத்தரித்து ஒட்டினாற்போல இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் விளிம்பு மட்டும்தான் பெயரும். அதன் இழைகளில் வரிசையாகக் கைப்பிடி போல ஒட்டுறுப்புகள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றும் இலையின் மேல்தோலைத் துளைத்து, உள்ளே இருக்கிற செல்லுக்குள் உறிஞ்சுகுழலை இறக்கியிருக்கும். இதுதான் மெலியோலா கூட்டம். ஸ்வீடன் நாட்டு எலியாஸ் ஃப்ரீஸ் 1825-இல் இந்தப் பேரினத்தை நிறுவினார். உயிருள்ள இலையை விட்டால் இதற்குப் பிழைப்பில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் என்ன ஊட்டம் வைத்தாலும் வளராது. மரத்தைக் கொல்லவும் கொல்லாது. அதனாலேயே இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இலைப்பூஞ்சை பற்றிய கவலை வந்தது, வேறொரு பூஞ்சையால் பணம் போன பிறகு. 1869-இல் இலங்கையில் காப்பிச் செடியின் இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்தது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியாரும் புரூம் என்பவரும் அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு ஒரு தோட்டக்கலை இதழில் அச்சேற்றினார்கள். பெயர் வைத்த கையோடு நோய் நிற்கவில்லை. 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இலங்கைக்கு வந்து, இந்தத் துரு காற்றில் பறக்கும் வித்துகளால்தான் பரவுகிறது என்று காட்டினார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து மலையேறிய கூலித் தொழிலாளர்களின் கையில் காப்பிப் பழக் கூடைக்குப் பதில் கொழுந்துக் கூடை வந்தது இப்படித்தான். ஓர் இலைப்பூஞ்சை ஒரு நாட்டின் வரும்படியையே மாற்றிவிடும் என்று அரசாங்கங்களுக்கு உறைத்தது அப்போதுதான். பூஞ்சை ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற புத்தியும் அதற்குப் பிறகே வந்தது.

இந்தியாவுக்கு அந்தச் சம்பளத்தில் வந்தவர் அயர்லாந்துக்காரரான எட்வின் ஜான் பட்லர். மருத்துவம் படித்தவர். 1901-இல் கல்கத்தாவில் பதவியேற்று, பிறகு பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். நாடு முழுக்க நோயுற்ற இலைகளைச் சேகரித்தார், சேகரிக்கச் செய்தார். அவர் தொடங்கிய பூஞ்சைக் காப்பகம், 1934 பூகம்பத்துக்குப் பிறகு ஆராய்ச்சி நிலையத்தோடு டில்லிக்கு மாறி இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் நம் ஊர் இலையில் இருப்பது புதிய இனமா என்று முடிவு கட்டும் இடம் ஐரோப்பாதான். பட்லர் அனுப்பிய பொட்டலங்களை பெர்லினில் சிடோவ் பார்ப்பார். இருவர் பெயரிலும் கட்டுரை ஜெர்மானிய இதழில் வரும். அதற்கும் முன்னால், புதுச்சேரியிலும் நீலகிரியிலும் இருந்த பெரோத்தே திரட்டியவற்றை வைத்து 1842-இல் நீலகிரியின் பூவாத் தாவரங்களைப் பற்றி பாரிஸில் மொன்தாஞ் எழுதினார். மாதிரி இலை கப்பலேறியது, பெயர் கப்பலில் திரும்பி வந்தது. நடுவில் மாதக்கணக்கு, சில சமயம் வருடக்கணக்கு. இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாதிரிகளும் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. அவை இல்லாமல் பெயர் வைத்திருந்தால் ஒரே பூஞ்சைக்குப் பத்துப் பெயர் சேர்ந்திருக்கும். சேர்ந்தும் இருக்கிறது.

இந்த நிலை மாறியது கோயம்புத்தூரில். அங்கே வேளாண் கல்லூரியில் சென்னை மாகாணத்தின் பூஞ்சையியல் பிரிவு இயங்கியது. டி.எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயரைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? சாமையும் தினையும் விளைவிக்கிற ஜவ்வாது மலைக்காரர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும், சிறுதானிய நோய்களைப் பற்றி 1963-இல் முழுப் புத்தகம் எழுதியவர் அவர். 1940-களின் பிற்பகுதியிலிருந்து, சென்னை மாகாணத்துப் பூஞ்சைகளின் பட்டியலில் புதிதாகச் சேருபவை என்ற பொருளில் ஒரு கட்டுரைத் தொடரை அவரும் கே. ராமகிருஷ்ணனும் வேறு சிலரும் எழுதிவந்தார்கள். பெங்களூரில் ராமன் நிறுவிய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தது. வரிக்கு வரி அளவுகள், புள்ளிவைத்து வரைந்த படங்கள், எந்த ஊரில் எந்த மரத்தில் எடுத்தது என்ற விவரம். படிக்கச் சுவையாக இருக்காது. ஆனால் மாதிரி இலை கப்பலேறாமலேயே பெயர் பெறத் தொடங்கியது அந்தப் பக்கங்களில்தான்.

இந்த இரு ராமகிருஷ்ணன்களின் வேலையில் காட்டு மரம் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தேக்கு இலையை மழைக்காலம் கழிந்தபின் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொடி அப்பியிருக்கும், விரலில் ஒட்டும். மேற்பக்கம் அதே இடத்தில் சாம்பல் பூத்தாற்போல வெளிறியிருக்கும். நாற்றங்காலில் இது கடுமையாக வந்தால் இலைகள் முன்கூட்டியே கொட்டிவிடும். ஜாவாவில் 1900 வாக்கில் இதன் ஒரு பருவத்தை மட்டும் பார்த்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இந்தத் துருவைச் சகோனியா டெக்டோனே என்று இவர்கள் இருவரும் 1949-இல் விவரித்தார்கள். பிறகு அது ஒலிவியா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெயரிடும் விதிப்படி, பேரினம் மாறினாலும் முதலில் விவரித்தவர்களின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்க வேண்டும். இந்த நூற்றாண்டில் அந்தத் துரு மத்திய அமெரிக்கத் தேக்குத் தோட்டங்களில் நுழைந்தது. அங்கே அதைப் பற்றி எழுதியவர்கள் முழுப் பெயரையும் குறிக்கையில், கூடவே இரண்டு தமிழ் ராமகிருஷ்ணன்களையும் எழுத வேண்டியதாயிற்று.

சென்னையில் வேறொரு மரபு வளர்ந்தது. பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை எம்.ஓ.பி. ஐயங்காருக்குப் பின் 1944-இல் டி.எஸ். சதாசிவன் ஏற்றார். அவரிடம் வந்து சேர்ந்தவர் சி.வி. சுப்பிரமணியன். இலையிலும் சருகிலும் மண்ணிலும் வளரும் இழைப்பூஞ்சைகளை வித்து உண்டாகும் விதத்தை வைத்துப் பிரித்து அடுக்கினார். 1971-இல் வெளிவந்த அவருடைய ‘ஹைஃபோமைசிட்டிஸ்’ நூலைப் புரட்டாமல் உலகத்தில் எந்தப் பூஞ்சையியலாளரும் அந்த நாளில் வேலை செய்திருக்க முடியாது. அந்த ஆய்வகத்தின் காப்பகத்துக்குச் சர்வதேசக் குறியீடும் இருந்தது. நம் ஊரிலேயே மூல மாதிரியை வைத்துவிட்டு, வெளிநாட்டுக்காரரை இங்கே கேட்டு எழுத வைத்த காலம் அது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

மெலியோலாவுக்குத் திரும்புகிறேன். இந்தக் கறுப்பர்களை ஒரு கட்டுக்குள் கொண்டுவரப் பெல்ஜியத்துக்காரரான பேலி 1920-இல் ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வோர் இனத்துக்கும் எட்டு இலக்கங்கள், நடுவில் ஒரு புள்ளி. 3111.4223 என்பதைப் போல இருக்கும். புள்ளிக்கு முன்னால் வித்தின் தடுப்புச்சுவர், மயிர்களின் இருப்பு போன்ற வடிவச் செய்திகள். பின்னால் வித்தின் நீளம், அகலம், கனியுடலின் விட்டம், இழையில் விறைத்து நிற்கும் மயிரின் நீளம். பெயர் தெரியாவிட்டாலும் எண்ணைப் பிடித்து உறவுக்காரர்களைத் தேடலாம். 1961-இல் ஹான்ஸ்ஃபோர்டு உலகத்து மெலியோலாக்களையெல்லாம் ஒரே நூலில் தொகுத்தார். அதில் இனங்களை அடுக்கியது எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? பூஞ்சையின் வடிவத்தை வைத்தல்ல, அது வாழும் மரத்தின் குடும்பத்தை வைத்து. காரணம் எளிது. இந்தப் பூஞ்சைகளில் பல ஒரு மரக் குடும்பத்தை, சில ஒரே பேரினத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்பவை. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே தெரியாது.

இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர் புதூர்நாட்டுப் பக்கம் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஓடைக்கரையில் நாங்கள் கறுத்த இலைகளைப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார்.

“ஏங்க வாத்தியாரே, நல்ல எலய உட்டுட்டு நோவு வந்த எலயாப் பொறுக்கறீங்களே, மருந்துக்கா?”

“இல்லைங்க பெரியவரே, பேர் கண்டுபிடிக்க.”

“மரத்துக்கா, நோவுக்கா?”

“ரெண்டுக்கும்தாங்க.”

“மரத்துக்குப் பேரு எங்ககிட்ட இருக்குது. நோவுக்கு வேணா நீங்க வச்சிக்கோங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. பூவும் காயும் இல்லாமல் வெறும் இலையோடு நின்ற மரங்களைப் பட்டையைக் கீறி முகர்ந்தே பிரித்துச் சொன்னார். பூ இல்லாத கிளையைப் புத்தகத்தை வைத்து இனங்காண்பது எங்களுக்குப் பெரும்பாடு. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி ராபினாட் காப்பகத்தின் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல்களும் கையில் இருந்தாலும், அவை பூவைக் கேட்கும். பெரியவர் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு, அதே மரத்துக்குப் பூக்கும் பருவத்தில் திரும்பப் போய்ச் சரிபார்ப்பதுதான் வழி. பூஞ்சையைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இந்த மலைக்காரர்களின் பங்கு ஒரு வரி கூட வருவதில்லை என்பது எனக்கு ஏற்பில்லாத வழக்கம்.

கேரளத்தின் பாலோடு தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்த ஹொசகௌடர் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க அலைந்து, இந்திய மெலியோலாக்களைப் பற்றி 1996-இலிருந்து தொகுதி தொகுதியாக எழுதினார். அவரும் கபூரும் 1985-இல் வெளியிட்ட ஒரு சிறு உத்தி இருக்கிறது. பெரிய கருவி வாங்க வழியில்லாத கல்லூரிகளுக்கு அது வரப்பிரசாதம். அதற்கு வேண்டியது நகப்பூச்சு. திருப்பத்தூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய் “நிறமில்லாத நெயில் பாலிஷ் கொடுப்பா” என்று நான் கேட்டபோது கடைப்பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மாவுக்குச் சிவப்பு எடுத்துக்கோங்க சார், அதான் போகுது” என்றான்.

கறுப்பு வட்டத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய தூரிகையால் இழைகள் கலையாமல் பரப்ப வேண்டும். மேலே பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அந்த வட்டத்தை விட்டுவிட வேண்டும். கரும்பூஞ்சையின் முதுகிலேயே இன்னொரு பூஞ்சை ஏறி அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். தூசு படாமல் அரைமணி நேரம் மூடி வைத்து, காய்ந்ததும் இலையை அடியிலிருந்து லேசாக அழுத்தி மடக்கினால், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு கழன்று வரும். பூஞ்சை அப்படியே அதில் பதிந்திருக்கும். கண்ணாடிச் சில்லில் டிபிஎக்ஸ் பிசின் ஒரு சொட்டு, அதன் மேல் சவ்வு, அதன் மேல் மூடுசில்லு. நுண்ணோக்கியில் வைத்தால், இலையில் எப்படிக் கிடந்ததோ அப்படியே தெரியும். இழை நெளிந்து போகிறதா, நேராகவா, கிளைகள் எதிரெதிரே பிரிகின்றனவா, மாறி மாறியா, ஒட்டுறுப்பின் தலை உருண்டையா, மடல் விட்டதா என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டுக்கொள்ளலாம். வித்து பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் நீளம், பழுப்பு நிறம், நான்கு தடுப்புச்சுவர். ஒன்றை அளந்தால் போதாது, பலவற்றை அளந்து சிறியது எது, பெரியது எது என்று எழுத வேண்டும். பிறகு அந்த மரக் குடும்பத்தில் இதுவரை விவரித்த எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஒட்டுறுப்பின் வடிவிலும் மயிரின் நுனியிலும் வித்தின் அளவிலும் சேர்ந்தாற்போல வேறுபாடு இருந்தால்தான் புதிய இனம் என்ற பேச்சு. ஒற்றை மைக்ரான் வித்தியாசத்துக்குப் புதுப்பெயர் வைத்தவர்களும் உண்டு. அவர்கள் வைத்த பெயர்களை அடுத்த தலைமுறை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருக்கிறது.

பெயர் வைப்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2011 முடியும்வரை புதிய இனத்தின் விவரத்தை லத்தீனில் எழுதியாக வேண்டியிருந்தது. முந்தைய கட்டுரைகளின் லத்தீன் வாக்கியங்களைப் பார்த்துச் சொற்களை மாற்றிப்போட்டு எழுதியவர்களை எனக்குத் தெரியும். 2012-இலிருந்து ஆங்கிலம் போதும் என்றார்கள். 2013-இலிருந்து பூஞ்சைப் பெயரைப் பொதுப் பதிவேட்டில் பதிந்து எண் வாங்காவிட்டால் செல்லாது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். பூஞ்சைகளுக்குப் புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் அப்படிப்பட்ட இடம். இப்போது மரபணு வரிசையும் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தட்டில் வளர்க்க முடியாத ஓர் உயிரின் மரபணுவை இலையிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுப்பது, ஒரு மாவட்டத் தலைநகர்க் கல்லூரியின் வசதிக்கு இன்னும் எட்டவில்லை.

ஜவ்வாது மலை இலைகளை அரசாங்கம் உற்றுப் பார்த்ததெல்லாம் சந்தனத்துக்காக. சந்தன மரத்தின் இலைகள் சிறுத்து, ஊசி போல விறைத்துக் கிளையே முள்ளாகத் தெரியும் நோய் 1899-இல் குடகில் கவனிக்கப்பட்டது. பூஞ்சையா, வேர்க்கோளாறா என்று பல ஆண்டு விவாதம். ஒட்டுக்கட்டினால் தொற்றுகிறது என்று மைசூரில் கோல்மன் 1917-இல் காட்டினார். 1969-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே, சுவரற்ற நுண்ணுயிர் ஒன்று இதற்குக் காரணம் என்று தெரிந்தது. விலையுள்ள மரம், அதனால் எழுபது ஆண்டு விடாமல் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற காயாவின் கறுத்த இலையைப் பார்க்க யாருக்கும் சம்பளம் இல்லை.

ஆகவே கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜமுனாமரத்தூருக்கோ அமிர்திக்கோ மாணவர்களை அழைத்துப்போகும்போது முறைப்படி வனத்துறையின் அனுமதி வாங்குங்கள். கறைபட்ட இலைகளையும் செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்துங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டு நாளில் அழுகிவிடும். தேதி, ஓடையின் பெயர், ஏறத்தாழ உயரம், மரத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர் சொன்ன பெயர், சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயர், இவ்வளவும் அதே தாளில் பென்சிலால் எழுதுங்கள். மை கசியும், பென்சில் கசியாது. இனங்காண உங்களால் முடியாவிட்டால் பரவாயில்லை, சென்னைக்கோ புனேக்கோ அனுப்பிவிடுங்கள்.